டை போய்விட்டதா? மரை வெட்டும் டை, கிரிம்ப் டை கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

டை என்பது கம்பியில் மரை (திருகுப்புரி) வெட்டும், அல்லது உலோகத்தை அழுத்திப் பிடிக்கவைக்கும் கடினமான அச்சு. அப்படி அழுத்திப் பொருத்துவதுதான் கிரிம்ப். மரை சரியாக விழவில்லை என்றாலும், கேபிள் லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) கருகினாலும், ஹைட்ராலிக் ஹோஸின் (உயர் அழுத்த எண்ணெய்க் குழாய்) முனை பிடுங்கிக்கொண்டாலும் பட்டறையில் முதலில் எழும் பேச்சு ஒன்றுதான்: ‘டை போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்.’ டை தேய்வது உண்டு. ஆனால் அதற்கு முன் டைக்குள் போன பொருளைப் பார்க்க வேண்டும். கம்பி தடிமனாக இருந்ததா, பைப் நேராக வெட்டப்பட்டதா, லக்கும் கேபிளும் ஒரே அளவா, ஃபெரூல் (ஹோஸின் முனையை இறுக்கும் உலோக வளையம்) அந்த ஹோஸுக்கு உரியதா? கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் காசும் செலவாவதில்லை. அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும் டை மாற்றுவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வையுங்கள். மரை கெட்டால் சில சமயம் டையை மறுபடி ஓட்டித் திருத்திவிடலாம். வேலையில் இருந்து கெட்ட கிரிம்ப்பைத் திருத்த முடியாது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் அல்லது புது ஃபெரூல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

## கையில் இருப்பது எந்த டை?

கம்பியில் மரை வெட்ட வட்ட டை. ஒரு பக்கம் பிளவு இருந்தால் அளவைச் சற்றுக் கூட்டிக் குறைக்கலாம். பிளவு இல்லாததில் முடியாது. ஆறு பட்டையாக நட்டு போல இருக்கும் டை நட்டு, அடிபட்ட பழைய மரையைச் சீர்செய்வதற்கு மட்டுமே. அதை வைத்துப் புதுக் கம்பியில் மரை வெட்ட முயல்வதால் கெட்டுப்போகும் டை நட்டுகள் ஏராளம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்கு ராட்செட் பிடியுடன் வரும் பைப் டை. அதனுள் நான்கு வெட்டுப் பற்கள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். போல்ட் தயாரிக்கும் ஆலைகளில் இருப்பது ரோலிங் டை. அது வெட்டாது, கம்பியை உருட்டி நசுக்கி மரையை எழுப்பும்.

கிரிம்ப் பக்கம் வந்தால், கேபிள் லக்கை ஆறு பட்டையாக அழுத்தும் அறுகோண டை, ஒரே இடத்தில் குழி விழ அழுத்தும் டை, சிறு வயர்களுக்கான ராட்செட் பிளையரில் வரும் சிவப்பு, நீலம், மஞ்சள் அடையாளமிட்ட டை, ஹைட்ராலிக் ஹோஸின் ஃபெரூலைச் சுற்றிலும் ஒரே நேரத்தில் அழுத்தும் எட்டுத் துண்டு டை ஆகியவை அன்றாடம் புழங்குபவை.

## டை கம்பியில் ஏறவே மறுக்கிறது

கம்பி முனையைப் பாருங்கள். முனை மொட்டையாக இருந்தால் டை பிடிக்காது. சாணையிலோ அரத்தாலோ சுற்றிலும் 45 பாகைச் சரிவு கொடுங்கள். மரையின் அடிப்பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சரிவு இறங்க வேண்டும்.

டையைத் திருப்பிப் பாருங்கள். வட்ட டையின் ஒரு முகத்தில் முதல் இரண்டு மூன்று பற்கள் சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அந்த முகம்தான் கம்பியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான டைகளில் அளவு பொறித்த முகமே அது. சந்தேகம் இருந்தால் பல்லை வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெர்னியரால் கம்பியை அளங்கள். எம்10 மரைக்கு (மெட்ரிக் முறையில் 10 மி.மீ. மரை) 10 மி.மீ. கம்பி என்றுதான் கடையில் கேட்டு வாங்குகிறோம். சூடாக உருட்டிய கம்பி, மேலே படிந்த செதிலோடு சேர்ந்து 10.2 கூட இருக்கும். எம்10-க்கு 9.8 முதல் 9.9 வரை இருந்தால் டை இலகுவாக ஏறும். பொதுவாக, மரை இடைவெளியில் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை உள்ள தூரம்) பத்தில் ஒரு பங்கைப் பெயரளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். செதிலை எமரித் தாளால் எடுத்துவிட்டு அளப்பது அவசியம். அந்தச் செதில் டையின் பல்லைத் தின்றுவிடும்.

டை இறுகலாக வைக்கப்பட்டிருக்கிறதா? டை ஸ்டாக்கில் (டையைப் பிடிக்கும் கைப்பிடி) மூன்று திருகுகள் இருக்கும். நடுத் திருகு பிளவுக்குள் நுழைந்து டையை விரிக்கும். பக்கத் திருகுகள் இரண்டும் டையைச் சுருக்கும். முதல் ஓட்டத்துக்கு நடுத் திருகை இறுக்கி விரித்து வையுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் சுருக்கி அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கம்பியின் மீது அரத்தை ஓட்டிப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் அது கடினப்படுத்தப்பட்ட கம்பி. உயர் வலிமை போல்ட்டின் தண்டிலும், பழைய ஷாஃப்டிலும் கை டையை ஏற்றிப் பார்க்காதீர்கள். அது லேத் வேலை, டர்னரிடம் கொடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால்தான் டை மழுங்கியிருக்கிறது. புதிதாக வாங்கும்போது ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டையாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான கார்பன் ஸ்டீல் டை நல்ல மைல்ட் ஸ்டீலுக்கு மட்டுமே தாங்கும்.

## மரை ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் விழுகிறது

டை கோணலாகத் தொடங்கியிருக்கிறது. நட்டை ஏற்றிச் சுற்றினால் அது தலையாட்டிக்கொண்டே போகும். கம்பி வைஸில் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். முனை சாய்வாக அறுக்கப்பட்டிருந்தால் அரத்தால் சமப்படுத்துங்கள். முதல் இரண்டு சுற்றுக்கு இரு கையும் டைக்கு அருகில், சம அழுத்தத்தில் இருக்கட்டும். அதற்குள் கோணல் தெரிந்தால் டையைக் கழற்றி முனையை வெட்டிவிட்டுத் தொடங்குங்கள். பாதி தூரம் போன பிறகு கைப்பிடியை வளைத்து நேராக்கப் பார்த்தால் டையின் பல்தான் உடையும். நேர்த்தி கட்டாயம் வேண்டிய வேலை என்றால் லேத்தில் டெயில்ஸ்டாக் (எதிர்முனைத் தாங்கி) முகத்தை டையின் பின்னால் அண்டக்கொடுத்து, கம்பியைப் பிடித்திருக்கும் சக்கைக் கையால் சுற்றி வெட்டலாம்.

## மரை கிழிந்து, முகடு பிய்ந்து வருகிறது

மரையை விரலால் தடவாதீர்கள், பிசிறு கீறிவிடும். கதவோர வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கிழிசல் எப்படி இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

### முகடு முழுக்க சொரசொரப்பு, எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி

எண்ணெய் போதவில்லை, அல்லது தவறான எண்ணெய். பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வெட்டும் வேலைக்கு அது பெரிதாக உதவாது. அதில் கலந்திருக்கும் அழுக்கு மரைக்குள்ளும் போகும். கந்தகம் சேர்ந்த மரை வெட்டும் எண்ணெய் கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அவசரத்துக்குச் சிறு மைல்ட் ஸ்டீல் கம்பிகளுக்குத் தேங்காய் எண்ணெயும் ஒப்பேறும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும். பித்தளையையும் வார்ப்பிரும்பையும் உலர்வாகவே வெட்டலாம்.

### சில சுற்று நன்றாக வந்து, பிறகு திடீரென்று பிய்கிறது

வெட்டிய இரும்புச் சுருள் டையின் துளைகளில் அடைத்துக்கொண்டது. அரைச் சுற்று முதல் ஒரு சுற்று முன்னே, பிறகு கால் சுற்றுக்கு மேல் பின்னே. சுருள் உடையும் சிறு ‘டிக்’ கையில் உணரப்படும். அது உணரப்படும்வரை பின்னால் திருப்புங்கள். டை நட்டிலும் சிறு டைகளிலும் சுருள் போக இடம் குறைவு. அடிக்கடி கழற்றித் தட்டிவிட வேண்டும்.

### ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மட்டும் பிய்கிறது

304 வகை ஸ்டெயின்லெஸ், தேய்க்கத் தேய்க்கக் கடினமாகும் உலோகம். பல் வெட்டாமல் உரசிக்கொண்டு நின்றால் அந்த இடம் இறுகி, அடுத்த பல்லையும் கெடுக்கும். ஆகவே மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் வெட்ட வேண்டும். கூரான ஹெச்.எஸ்.எஸ். டையும் நிறைய எண்ணெயும் வேண்டும். கம்பி வழக்கத்தைவிட ஒரு பொட்டு மெலிதாக இருப்பது நல்லது. மைல்ட் ஸ்டீலுக்குப் பயன்படுத்தித் தேய்ந்த டையை ஸ்டெயின்லெஸ்ஸுக்கு எடுக்காதீர்கள்.

### ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோட்டில் ஒரு கீறல்

டையின் ஒரு பல் உடைந்திருக்கிறது, அல்லது உலோகத் துணுக்கு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பித்தளைக் கம்பியால் சுரண்டிப் பாருங்கள். துணுக்கு என்றால் வந்துவிடும். பல்லே உடைந்திருந்தால் டையை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

## நட்டு இரண்டு சுற்று போய் நின்றுவிடுகிறது, அல்லது லொடலொடக்கிறது

லொடலொடப்புக்கு டை அதிகம் சுருங்கியிருப்பதோ கம்பி மெலிந்திருப்பதோ காரணம். நடுத் திருகை இறுக்கி விரித்துவிட்டுப் புதுக் கம்பியில் வெட்டுங்கள். வெட்டியதைக் கெட்டிப்படுத்த வழியில்லை.

நிற்கும் நட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அளவு முறைகளின் குழப்பம். எம்10-இல் வழக்கமான இடைவெளி 1.5 மி.மீ.; வண்டிகளில் 1.25 இடைவெளியும் வரும். பழைய இயந்திரங்களில் பி.எஸ்.டபிள்யூ. என்ற பிரிட்டிஷ் அளவு இருக்கும். அரை அங்குலத்தில் பி.எஸ்.டபிள்யூ.-வுக்கு அங்குலத்துக்கு 12 பல், அமெரிக்க முறையான யு.என்.சி.-க்கு 13 பல். நட்டு இரண்டு மூன்று சுற்று ஏறும், ஆளை ஏமாற்றும், பிறகு இறுகும். ரெஞ்ச் போட்டு அழுத்தினால் இரண்டு மரையும் நாசம். மரை கேஜ் (மரை இடைவெளியைப் பொருத்திப் பார்க்கும் பல் தகடுகள்) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒரு நல்ல டையைவிடக் குறைவு. இந்தக் குழப்பம் மொத்தமும் அதில் தீரும்.

## ஜி.ஐ. பைப் மரையில் நீர் கசிகிறது

டேப்பை இன்னும் நாலு சுற்று சுற்றி இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. கெட்ட மரையைச் சணலும் டேப்பும் சில நாள் மறைக்கும். மோட்டார் அழுத்தம் ஏறியதும் மறுபடி கசியும். சாக்கெட்டைக் (பைப்பின்மேல் திருகும் இணைப்பு) கழற்றி, மரையைத் துடைத்து, சாக்கெட்டைக் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். நம் ஊர்ப் பைப் மரை 16-க்கு 1 என்ற சரிவில் கூம்பாகப் போவது. அரை இஞ்ச் பைப்பில் சாக்கெட் கையால் ஏறக்குறைய 4 சுற்று ஏறி இறுக வேண்டும். அதற்குமேல் ரெஞ்சால் 2 முதல் 3 சுற்று போக வேண்டும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கீழே பாருங்கள்.

### கையாலேயே கடைசிவரை ஏறிவிடுகிறது

மரை அளவுக்கு மீறி வெட்டப்பட்டிருக்கிறது. பைப்பின் முனை, டையின் வெட்டுப் பற்களின் வெளிமுகத்தோடு சமமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டி ஓட்டினால் முன்பகுதி மரை கூம்பாக இல்லாமல் நேராகிவிடும், இறுக்கம் போய்விடும். அரை இஞ்ச்சில் பயன்படும் மரை நீளம் 13 மி.மீ.தான், முக்கால் இஞ்ச்சில் 14.5, ஒரு இஞ்ச்சில் 17-க்குச் சற்றுக் குறைவு. நீளமான மரை உறுதியான மரை என்று நினைத்து 25 மி.மீ. வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே பைப்பின் சுவர்தான் மெலிகிறது. முனையை வெட்டிவிட்டுப் புதிதாக மரை போடுங்கள்.

### ஒன்றிரண்டு சுற்றிலேயே நின்றுவிடுகிறது

குறைவாக வெட்டியிருந்தால் டையை மறுபடி ஏற்றி ஒரு சுற்று கூட ஓட்டுங்கள். டையில் அளவு மாற்றும் நெம்புகோல் இருந்தால் அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். இறக்குமதி இயந்திரங்களோடு வரும் வால்வு, கேஜ், ஃபிட்டிங் பலவற்றில் என்.பி.டி. என்ற அமெரிக்க முறை மரை இருக்கும். நம் பைப்பில் இருக்கும் பிரிட்டிஷ் முறை பி.எஸ்.பி.டி. மரையின் கோணம் 55 பாகை, என்.பி.டி.யின் கோணம் 60. அரை, முக்கால் இஞ்ச்சில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 பல் என்பதால் அது ஏறிக்கொள்ளும், ஆனால் எத்தனை டேப் சுற்றினாலும் கசியும். ஒரு இஞ்ச்சில் நமக்கு 11 பல், அதற்கு 11½. அங்கே சீக்கிரமே மாட்டிக்கொள்ளும். இதற்கு மாற்று அடாப்டர் ஒன்றே தீர்வு.

### மரை முழுக்கப் பிய்ந்து, ஒரு பல் விட்டு ஒரு பல் தெரிகிறது

பைப் டையைத் திறந்து வெட்டுப் பற்களை எடுத்துப் பாருங்கள். நான்கிலும் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும், பள்ளங்களிலும் அதே எண்கள் இருக்கும். சுத்தம் செய்து மாட்டும்போது ஒன்று இடம் மாறினாலும் ஒரு பல் வெட்டியதை அடுத்த பல் அறுத்துவிடும். புது டை வாங்கக் கிளம்பியவர்கள் பலருக்கு, எண்ணைச் சரிபார்த்து மாட்டியதும் வேலை முடிந்திருக்கிறது.

எண் சரி என்றால், பற்களின் இடுக்கில் துத்தநாகம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கால்வனைஸ் பூச்சு பல்லில் அப்பிக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷால் எடுங்கள். ஒரு பல் மட்டும் தேய்ந்திருந்தாலும் நான்கையும் செட்டாகவே மாற்றுங்கள். வேறு செட்டின் பல்லைக் கலந்தால் மரை ஒருநாளும் சரியாக விழாது.

### மரை நன்றாக இருக்கிறது, ஆனாலும் கசிகிறது

பைப்பை ஹேக்சாவால் கோணலாக அறுத்திருப்பார்கள். மரை ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கும். அல்லது பைப் வைஸின் பல் மரைமீது பதிந்திருக்கும். சாக்கெட்டே வெடித்திருப்பதும் உண்டு: காயவைத்து, சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, நீர் விட்டுப் பாருங்கள், கோடு தெரியும். குடிநீர்க் குழாய் என்றால் வெட்டும் எண்ணெயை நன்றாகத் துடைத்து, முதல் நீரைத் திறந்துவிட்டுக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள்.

### எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

சுவருக்குள் போகும் பைப், 2 இஞ்ச்சுக்கு மேற்பட்ட பைப், தீயணைப்புக் குழாய் ஆகியவற்றுக்குப் பைப் மரை இயந்திரம் உள்ள பிளம்பர் வேண்டும். சமையல் வாயு, அழுத்தக் காற்று, நீராவி செல்லும் பைப்பில் நீங்களாகக் கை வைக்கவே கூடாது. போர்வெல்லில் மோட்டாரைத் தாங்கும் பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே மரை கசிவதைவிட மரை கழல்வதுதான் ஆபத்து. ஒரு மரை விட்டால் மோட்டார், கேபிள், பைப் எல்லாம் கிணற்றுக்குள் போய்விடும். அந்த மரையை இயந்திரத்தில்தான் வெட்ட வேண்டும். பழைய பைப்பைத் திரும்ப இறக்கும் முன் ஒவ்வொரு முனையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். துரு அரித்த மரை ஒன்று தெரிந்தாலும் அந்த முனையை வெட்டிவிடுங்கள்.

## உருட்டிய மரையில் செதில் எழுகிறது, அல்லது முகட்டில் பள்ளக்கோடு தெரிகிறது

இது ஆலை வேலை என்பதால் சுருக்கமாக. முகட்டில் ஆழமான பள்ளக்கோடு என்றால் உலோகம் போதவில்லை: கம்பி மெலிது, அல்லது டை போதிய அளவு அழுத்தவில்லை. எம்10-க்கு உருட்டும் கம்பி ஏறக்குறைய 9 மி.மீ. இருக்க வேண்டும்; வெட்டும் வேலைக்கான 9.85 கம்பியைப் போட்டால் டை வெடிக்கும். செதில் எழுந்தால் கம்பி தடிமன் அதிகம், அல்லது இரண்டு டைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கவில்லை. கம்பியை அளந்து, டைகளின் நிலையைச் சரிபார்த்த பிறகும் தொடர்ந்தால் இயந்திரத்தை நிறுத்தி டை ரூம் ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

## கேபிள் லக் சூடாகிறது, கருகுகிறது

மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்த பிறகே தொட வேண்டும். ஓடும்போது பார்க்க வேண்டுமென்றால் அகச்சிவப்பு வெப்பமானியைத் தூரத்திலிருந்து பிடியுங்கள். பளபளக்கும் செம்பையும் வெள்ளீயம் பூசிய லக்கையும் நேரடியாகக் குறிவைத்தால் உண்மையைவிடக் குறைவான வெப்பமே காட்டும். மின்சாரம் அணைந்திருக்கும்போதே லக்மீது கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றை ஒட்டிவிட்டு, பிறகு அந்த டேப்பைக் குறிவையுங்கள். மூன்று ஃபேஸிலும் ஒரே அளவு மின்னோட்டம் ஓடும்போது ஒரு லக் மட்டும் கூடுதலாகச் சூடானால் கோளாறு அங்கே இருக்கிறது. மூன்றும் ஒன்றுபோல் சூடானால் கேபிளே சுமைக்குச் சிறியது. டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

### போல்ட் பக்கம் நிறம் மாறியிருக்கிறது

கிரிம்ப்பில் குற்றமில்லை. போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது லக்குக்கும் பஸ்பாருக்கும் (மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டை) நடுவில் வாஷர் போட்டிருப்பார்கள். லக்கின் முகம் நேராகப் பஸ்பாரில் உட்கார வேண்டும். வாஷர் அதற்கு வெளியே. முகத்தைத் துடைத்து, உரிய முறுக்குவிசையில் இறுக்குங்கள்.

### லக்கின் குழாய்ப் பக்கமும் கேபிள் உறையும் கருகியிருக்கின்றன

கோளாறு கிரிம்ப்பில்தான். அந்த முனையை வெட்டிவிடுங்கள். அதன்மேல் இன்னும் சிறிய டையால் மறுபடி அழுத்துவது வழக்கமாகிவிட்டது. சூடேறிய கம்பி இழைகளின்மேல் படலம் படிந்துவிட்டபின் எவ்வளவு அழுத்தினாலும் பழைய தொடர்பு திரும்பாது. வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாமல் காரணம் தேடுங்கள்.

முதலில், கம்பி லக்கின் அடிவரை போயிருக்கிறதா? சில லக்குகளில் பார்க்க ஒரு சிறு துளை இருக்கும், அதில் இழை தெரிய வேண்டும். துளை இல்லாத லக்கில் உறை சீவும் நீளத்தை லக்கின் பக்கத்தில் வைத்து அளந்து வெட்டியிருக்க வேண்டும்.

அடுத்து, இழைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா? 70 சதுர மி.மீ. கேபிள் 50 லக்கில் நுழையாதபோது சுற்றிலும் சில இழைகளை நறுக்கிவிட்டுத் திணிக்கும் வேலையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது தீயைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம். மறுதலையாக, பெரிய லக்கில் சிறிய கேபிளைப் போட்டு இடைவெளியில் துண்டு இழைகளைச் செருகுவதும் அப்படியே.

மூன்றாவது, உலோகம். அலுமினியக் கேபிளுக்கு அலுமினிய லக். அது செம்புப் பஸ்பாருக்குப் போக வேண்டுமென்றால் இரு உலோக லக் (கேபிள் பக்கம் அலுமினியம், போல்ட் பக்கம் செம்பு). அலுமினியக் கம்பியைச் செம்பு லக்கில் அழுத்தினால் ஈரப்பதம் சேர்ந்ததும் அரிக்கத் தொடங்கும். அலுமினியத்தை உரித்தவுடனேயே அதன்மேல் ஆக்சைடு படலம் படியும். ஆகவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்த கையோடு ஆக்சைடைத் தடுக்கும் பேஸ்ட் தடவி லக்குக்குள் விட வேண்டும். உரித்து வைத்துவிட்டுத் தேநீருக்குப் போகக் கூடாது.

நான்காவது, டை. இங்கே எண் குழப்பம் ஒன்று அடிக்கடி நடக்கிறது. ஜெர்மானியத் தரநிர்ணயமான டின் 46235 முறை லக்குகளிலும் டைகளிலும் ஒரு குறியீட்டு எண் இருக்கும். அது கேபிளின் அளவு இல்லை. 50 சதுர மி.மீ.க்கு 14, 70-க்கு 16, 95-க்கு 18, 120-க்கு 20, 150-க்கு 22, 185-க்கு 25, 240-க்கு 28. டையில் 16 என்று பார்த்து 16 சதுர மி.மீ. கேபிளை வைத்தால் டை லக்கைத் தொட்டும் தொடாமலும் மூடும். உள்ளூர்ச் செட்டுகள் பலவற்றில் நேராகச் சதுர மி.மீ. எண்ணே பொறித்திருக்கும். இரண்டு செட்டும் ஒரே பெட்டியில் கிடந்தால் வினையே வேண்டாம். தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். லக் தயாரிப்பாளரின் அட்டவணையை மூடிக்குள் ஒட்டிவையுங்கள்.

ஐந்தாவது, கம்பியின் வடிவம். பெரிய அலுமினியக் கேபிள்களில் கம்பி வட்டமாக இல்லாமல் ஆப்பு வடிவில் இருக்கும். அதை முதலில் உருண்டையாக்கும் டையால் அழுத்தி வட்டமாக்கிவிட்டுத்தான் லக்குக்குள் விட வேண்டும்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் அதே லக், அதே கேபிள், அதே டை கொண்டு ஒரு மாதிரி செய்து, கிரிம்ப்பின் நடுவில் ஹேக்சாவால் குறுக்கே அறுங்கள். வெட்டுமுகத்தை அரத்தால் மழித்து, பிறகு நுண்ணிய எமரியால் தேயுங்கள். நல்ல கிரிம்ப்பில் இழைகள் வட்டம் இழந்து, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டித் தேனடை போல நிற்கும். கறுப்புப் பொட்டுகள் இருக்காது. இழைகள் இன்னும் உருண்டையாகவும் நடுவில் இருட்டு இடைவெளிகளும் தெரிந்தால் டை பெரிது, அல்லது கருவி முழு அழுத்தம் தரவில்லை. டை மாற்றிப் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு மாதிரியை அறுத்துவிடுங்கள். இதைவிட நம்பகமான சாட்சி பட்டறையில் கிடைக்காது.

கேபிளை வெட்டி வெட்டி நீளம் போதாமல் போனாலோ, உயர் அழுத்தக் கேபிள் என்றாலோ, பேனலின் உள்பக்கம் கருகியிருந்தாலோ உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

## லக்கின் இரு பக்கமும் இறக்கை போல உலோகம் பிதுங்குகிறது

டை லக்குக்குச் சிறியது, அல்லது இரண்டு பாதிகளும் ஒரே எண் இல்லை. இரண்டையும் எடுத்து எண்ணைப் பாருங்கள். எண் சரி என்றால் டை விளிம்பு அடிபட்டிருக்கிறதா, இரண்டு பாதிகளும் நேருக்கு நேர் மூடுகின்றனவா என்று பாருங்கள். இறக்கையை அரத்தால் தேய்த்துவிட்டால் பார்க்க நன்றாகிவிடும், உள்ளே கிரிம்ப் மாறாது. அந்த லக்கை வெட்டிவிடுங்கள்.

லக் வாழைப்பழம்போல் வளைந்தால் அழுத்திய வரிசை தவறு. போல்ட் துளைப் பக்கம் தொடங்கிக் கேபிள் பக்கமாக வர வேண்டும். இரு கேபிளை இணைக்கும் குழாயில் நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போக வேண்டும்.

## ஹைட்ராலிக் கை கருவி டையை முழுதாக மூடுவதில்லை

டைப் பள்ளத்தில் மண்ணோ உலோகத் துணுக்கோ இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். அழுத்தம் விடுவிக்கும் திருகு முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் தயாரிப்பாளர் சொன்ன ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றி, காற்றை வெளியேற்றுங்கள்; பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் கெடும். டை தொட்டுக்கொண்ட பிறகு கருவி ‘டக்’ என்று தானாக அழுத்தத்தை விட வேண்டும். அதற்கு முன் கைப்பிடியை நிறுத்தினால் எந்த டையிலும் கிரிம்ப் முழுமை பெறாது. டை தொடாமலேயே ‘டக்’ வந்தால் உள்வால்வு தளர்ந்திருக்கிறது. அந்த வால்வுத் திருகை நீங்கள் முறுக்காதீர்கள். கருவியின் தலை பிளந்து தெறிக்கக் கூடும். பழுது பார்க்கும் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

## ஹைட்ராலிக் ஹோஸின் முனை கசிகிறது, அல்லது பிடுங்கிக்கொள்கிறது

எதையும் சோதிக்கும் முன் ஒன்று. ஓடும் இயந்திரத்தில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் முள் குத்தியதுபோல் இருக்கும், வலிகூடத் தெரியாது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே இழக்க நேரிடலாம். அப்படி நடந்தால் கட்டுப் போட்டுவிட்டு வேலையைத் தொடராமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த எண்ணெய் உடலுக்குள் போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

### ஹோஸ் முழுதாக வெளியே வந்துவிட்டது

நிப்பிளின் (ஹோஸுக்குள் செருகும் உலோக முனை) தண்டையும் ஹோஸின் உள்பக்கத்தையும் பாருங்கள். நிப்பிளின் தடம் ஹோஸுக்குள் பாதி தூரம்தான் தெரிகிறது என்றால் ஹோஸை முழுக்கச் செருகவில்லை. செருகும் ஆழத்தை மார்க்கரால் ஹோஸ்மீது கோடு போட்டு, அழுத்திய பிறகு கோடு ஃபெரூல் விளிம்பிலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் கோடு போடாமல் அழுத்தினால் நீங்களே கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

தடம் முழுக்க இருந்தால் ஃபெரூல் பொருத்தத்தைப் பாருங்கள். ஒரு கம்பிப் பின்னல் ஹோஸுக்கான ஃபெரூல் வேறு, இரண்டு பின்னலுக்கு வேறு, நான்கு சுருள் கம்பி ஹோஸுக்கு முற்றிலும் வேறு. சில ஃபெரூல்களுக்கு மேல் ரப்பரைச் சீவ வேண்டும், சிலவற்றுக்குச் சீவக் கூடாது. ஒரு நிறுவனத்தின் நிப்பிளையும் இன்னொன்றின் ஃபெரூலையும் கலந்தால் எந்த அட்டவணையும் பொருந்தாது.

### மெல்லக் கசிகிறது

வெர்னியரால் ஃபெரூலை அளங்கள். டைத் துண்டுகளின் இடையில் எழும் மேட்டுக் கோடுகளைத் தவிர்த்து, தட்டையான இடங்களில், ஃபெரூலின் நடுவில், சுற்றிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். அட்டவணை அளவிலிருந்து 0.1 மி.மீ. அளவுக்கு விலகலாம் என்பது பொதுவான வரம்பு. உங்கள் ஃபிட்டிங்கின் அட்டவணை சொல்வதே இறுதி. இன்னும் வேலைக்குப் போகாத புது ஹோஸில் அளவு பெரிதாக இருந்தால் மேலும் சிறிது அழுத்தி அளவுக்குக் கொண்டுவரலாம். வேலையில் இருந்து கசிந்த ஹோஸை அப்படிச் செய்யாதீர்கள்.

மூன்று இடத்திலும் அளவு வேறுபட்டால் எட்டுத் துண்டுகளில் ஒன்று வேறு செட்டைச் சேர்ந்தது, அல்லது அதன் பின்னால் அழுக்கு இருக்கிறது. ஃபெரூலின் முன்னும் பின்னும் அளவு வேறுபட்டால் அதை டையின் நடுவில் வைக்கவில்லை, அல்லது டையைத் தாங்கும் சரிவுமுகம் கிரீஸ் இல்லாமல் தேய்ந்திருக்கிறது. துடைத்து, கிரீஸ் வைத்து, இன்னொரு மாதிரி அழுத்திப் பாருங்கள். டையில் பொறித்த எண், பொதுவாக அது மூடும் மிகச் சிறிய விட்டம். அதைவிட வெகு பெரிய அளவுக்கு அந்த டையைப் பயன்படுத்தினால் துண்டுகளின் நடுவே ஃபெரூல் ஆழமான மேடுகளாகப் பிதுங்கும். அடுத்த பெரிய டையை எடுங்கள்.

### கசிவில்லை, ஆனால் இயந்திரம் மெதுவாக இயங்குகிறது, ஹோஸ் சூடாகிறது

அதிகமாக அழுத்தியதால் நிப்பிளின் துளை சுருங்கியிருக்கலாம். கொஞ்சம் சுருங்குவது இயல்பு. ஆகவே ஃபிட்டிங் தயாரிப்பாளர் தரும் அளவில் ஒரு தண்டை உள்ளே விட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் அந்த முனை உதவாது. அளவு சிறிதான ஃபெரூலை விரிக்க வழியில்லை.

### எப்போது தேர்ந்த கடைக்குப் போக வேண்டும்

இரண்டு பின்னல் கொண்ட அரை இஞ்ச் 2எஸ்என் ஹோஸ் 275 பார் வேலை அழுத்தத்துக்கானது; அதைச் சோதிக்கும் அழுத்தம் அதன் இருமடங்கு. தடுப்புக்குள் வைத்துச் சோதிக்கும் பெஞ்ச் இல்லாத இடத்தில் அந்தச் சோதனை நடக்காது. மண் அள்ளும் வண்டி, கிரேன், லிஃப்ட், திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி என்று ஆள் நிற்கும் இடத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ ஓடும் ஹோஸ்களைச் சோதனை பெஞ்ச் உள்ள கடையில் மட்டும் போடுங்கள். நான்கு சுருள் கம்பி ஹோஸுக்குச் சிறிய கை இயந்திரத்தின் அழுத்தம் பெரும்பாலும் போதாது. ஒரே ஹோஸ் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் டையையும் கடையையும் மாற்றிக்கொண்டிருக்காமல், இயந்திரத்தின் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வு) எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று ஹைட்ராலிக் மெக்கானிக் ஒருவரை கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.